பெர்த் பிராக்கெட்டில் இருந்த என் நம்பர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, முப்பத்திரண்டு வருடம் நான் வேலை பார்த்த கம்பெனியின் ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டு, "ஏய், நிறுத்துடி!" என்று கத்தினேன். சர்வீசில் இருந்த காலத்தில் யாரையும் 'டி' போட்டுப் பேசியவள் இல்லை நான். கத்தியது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணைப் பார்த்து. அவள் கையில் இருந்த ஸ்கேனர் கீழே விழுந்தது. மெஷினில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளியாகக் கூப்பிட்ட கிழவிக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

என் பெயர் மும்தாஜ். ஓசூர் தொழிற்பேட்டையில் ரயில் பெட்டிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் தப்பு என்னுடையது. ராத்திரி ரயிலில் நீங்கள் படுக்கிற பெர்த் இருக்கிறதே, அதைப் பெட்டியின் சுவரோடு பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையைத்தான் நாங்கள் செய்தோம். அதற்கு பிராக்கெட் என்று பெயர். முழங்கை நீளம் இருக்கும். ரெக்சினுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் பிரயாணிகள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காமலே நம்பிப் படுத்துத் தூங்குகிறார்கள்.

அன்றைக்கு என்னைக் கூப்பிட்டவள் சுகன்யா. நான் விலகியபோது என் இடத்துக்கு வந்தவள், மதுரைப் பக்கத்துப் பெண். "அக்கா, புது ராத்திரி ரயிலுக்கு சாம்பிள் பெர்த் பண்ணியிருக்கோம். நீங்க வந்து ஒருதடவை படுத்துப் பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றாள் போனில். ஆளை ஏற்றிவிடுவதில் கெட்டிக்காரி. நானும் ஏறிக்கொண்டு, பெட்டியில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

ஷெட்டுக்குள் போனதுமே வாயடைத்துப் போனேன். ரயில் பெட்டியில் ஒரு அறை அளவுக்கு அப்படியே செய்து நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், தலைமாட்டில் சின்ன விளக்கு, ஏறுவதற்குக் காலை உறுத்தாத படி. சங்கிலியைக் காணோம். பழைய பெர்த்தில் எழுந்து உட்காரும்போது நெற்றியில் இடிக்குமே, அந்தச் சங்கிலி இல்லாமல் பெர்த் அந்தரத்தில் நிற்கிறது. "முழு வண்டியும் ஒரே செட்டுதான்க்கா. எஞ்சின்னு தனியா கிடையாது. பெட்டியைக் கழட்டி மாட்டுற வேலையும் இல்ல. இனி ராத்திரி வண்டி எல்லாம் இப்படித்தான் வரும்னு சொல்றாங்க" என்றாள் சுகன்யா. நான் மேலே ஏறிப் படுத்தேன். எனக்கு வீட்டில்கூட அப்படி ஒரு படுக்கை கிடையாது. பழைய வண்டிதான் உசத்தி என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. அந்த நீல ரெக்சினும் கக்கூஸ் நாற்றமும் போனால் போகட்டும்.

ஆனால் ஒன்று கேட்டேன். "ஏம்மா, ஜன்னலைத் திறந்துவிட்டுப் போற சாதா ஸ்லீப்பர் இந்த வண்டியில இருக்கா?"

"எங்களுக்கு வந்த டிராயிங்ல எல்லாம் ஏசிதான்க்கா. மத்தது தெரியல."

இந்த ஊரின் ஃபாக்டரிகளில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாதா ஸ்லீப்பரில் போய் வருகிறவர்கள். புது வண்டி வந்தபின் அவர்கள் எதில் படுப்பார்கள் என்று சுகன்யாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பதில் தெரிந்தவர்கள் யாரும் ஷெட்டில் இல்லை.

பிறகு என்னை இன்ஸ்பெக்ஷன் பக்கம் கூட்டிப்போனாள். புது பிராக்கெட்டுகளை ஒரு தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு, நாம் கடையில் பணம் கட்டுகிறோமே அந்த மாதிரி. வேலைக்குப் புதிதாக வந்த அந்தப் பெண் ஸ்கேனரைக் காட்டக் காட்ட, ஸ்கிரீனில் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் பச்சை விழுந்தது. பச்சை என்றால் பாஸ் என்று எனக்கே புரிந்தது. டெஸ்ட் மெஷின் பத்தடி தள்ளிச் சும்மா நின்றது.

"டெஸ்ட் ஆயிடுச்சாம்மா?"

"இல்லீங்க மேடம், இனிமேதான். ஓகே முன்னாடியே போட்டு வச்சுட்டா வேலை சட்டுனு முடியும். எதாவது ஃபெயில் ஆச்சுன்னா மாத்திக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வார்த்தை. இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொன்னது, எழுத்து மாறாமல் அவள் வாயிலிருந்து வருகிறது. அதற்குள் ஸ்கிரீனில் பச்சையைப் பார்த்துவிட்டு, பெயிண்ட் செக்ஷன் ஆள் வந்து தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். அப்போதுதான் கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று சொல்ல வேண்டுமென்றால், நான் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. அத்தா மாங்கூழ் ஃபாக்டரியில் லோடு ஏற்றினார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது நான் ரயிலில் ஏறியதே கிடையாது. எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது, எங்கே போய் ஏறுவது? அப்படிப்பட்டவளை ரயில் பெர்த்துக்கு இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். ஆக்கியவர் குவாலிட்டி மானேஜர் நஞ்சப்பா சார். கர்நாடகா பக்கம் அத்திபெலேயிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். குரலை உயர்த்தி ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்ப நேரம் துடைத்தால் ரொம்பக் கோபம்.

இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் எடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனி செலவில் டிக்கெட் வாங்கித் தந்து, ஒரு ராத்திரி ரயிலில் லோயர் பெர்த்தில் படுத்துப் போய் வரச் சொல்லுவார். மேலே நம்முடைய பிராக்கெட்டில் மிடில் பெர்த் நிற்கும். திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நித்தே பந்தாம்மா?" தூக்கம் வந்ததா என்று கேட்டார் என்னிடம்.

"இல்ல சார்."

"யாக்கே? ஏன் வரல?"

"மேல நிக்கறது நம்ம பிராக்கெட்டுனு தெரியுமே சார். அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சிரித்தார். "சரி, நீ இன்ஸ்பெக்ஷன்" என்றார். என்னோடு போய் வந்த இன்னொருத்தன் நன்றாகத் தூங்கினேன் சார் என்று பெருமையாகச் சொன்னான். அவனை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். கடைசிவரை அவனுக்குக் காரணம் தெரியாது.

வேலை இதுதான். வெல்டு முடிந்து வருகிற பிராக்கெட்டை டெஸ்ட் பெஞ்சில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். ஹைட்ராலிக் பம்பை அடித்தால் பாரம் ஏறும். ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். பாரத்தை இறக்கினால் டயலின் முள் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும், மயிரிழை தள்ளி நின்றாலும் குப்பை. அதன்பின் வெல்டின் மேல் சிவப்புச் சாயம் பூசிக் காத்திருந்து, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் அடிக்க வேண்டும். வெல்டில் விரிசலோ ஊசித்துளையோ இருந்தால், உள்ளே புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்பாக எட்டிப் பார்க்கும். எதுவும் எட்டிப் பார்க்காவிட்டால், முனையில் எண் செதுக்கிய உளி மாதிரியான நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நம்பர். என்னுடையது பதினேழு. நம்பர் விழுந்தால்தான் பிராக்கெட் பெயிண்டுக்குப் போகும்.

கேட்கச் சுலபம். செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பஞ்சை எடுத்து, சாயக் கையோடு சுத்தியலைப் பிடித்து, அடித்து, வைத்து, அடுத்ததற்குப் போவதற்குள் கை ஓய்ந்துவிடும். அதனால் இன்ஸ்பெக்டர்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தோம். காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் ஏறியதும், அன்றைக்குப் பார்க்க வேண்டிய பாலெட் என்கிற மரத்தட்டில் அடுக்கியிருக்கிற எல்லா பிராக்கெட்டுக்கும் வரிசையாக நம்பரை அடித்துவிடுவது. பிறகு நிதானமாக டெஸ்ட். ஃபெயிலானால் நம்பரை கிரைண்டரால் தேய்த்துவிடலாம். நஞ்சப்பா சார் ஒன்பதரைக்குத்தான் வருவார். அவருக்குத் தெரியாது.

வெல்டர்களில் முனிரத்னம் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவர் போட்ட வெல்டு கயிறு திரித்த மாதிரி ஒரே சீராக இருக்கும். வருடக் கணக்கில் அவர் பிராக்கெட் ஒன்றுகூட என் பெஞ்சில் ஃபெயில் ஆனதில்லை. "உங்க சாயம்தான்க்கா வேஸ்ட்டு" என்று என்னைக் கிண்டல் செய்வார். நானும், "ஒருநாள் மாட்டுவீங்க முனிரத்னம், அன்னைக்கு இருக்கு உங்களுக்கு" என்பேன்.

கோடைக்கால ஸ்பெஷல் வண்டிகளுக்கு அவசரமாகப் பெட்டி தயாரான சமயம் அது. ஒருநாள் காலையில் இரண்டு பாலெட்டுக்கு நம்பரை அடித்து முடித்தேன். அடித்த கையோடு, கஸ்டமர் வந்திருக்கிறார் என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனவள் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், ஒரு பாலெட்டைக் காணோம். நம்பர் இருப்பதைப் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் ஆள் பெயிண்டுக்குக் கொண்டுபோய்விட்டார். திக்கென்றது. பெயிண்ட் செக்ஷனுக்கு ஓடினேன். பாதிக்குமேல் பெயிண்ட் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னால் நஞ்சப்பா சார் வரைக்கும் போகும், முன்னாலேயே நம்பர் அடித்தது வெளியே வரும். பாலெட் அட்டையைப் பார்த்தேன். வெல்டர் பெயர் முனிரத்னம். முனிரத்னம் வெல்டுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று திரும்பி வந்துவிட்டேன். ரெஜிஸ்டரில் டெஸ்ட் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து ரயில்வேயிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோணிப்பையிலிருந்து ஒரு பிராக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார்கள். இரண்டாக உடைந்திருந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் பதினேழு. ஓடுகிற வண்டியில் மிடில் பெர்த் இறங்கி, கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் விழுந்திருக்கிறது. கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உடைந்த இடத்தில் வெல்டுக்குள் புழு தின்ற மாதிரி துளைகள். வெல்டில் காற்றுப் படாமல் காக்கிற கேஸ் சிலிண்டரில் தீரும் நேரத்தில் போட்ட வெல்டு அப்படித்தான் ஆகும். எந்த வெல்டருக்கும் ஆகக்கூடியது. வெளியே தெரிந்த இரண்டு துளை, சாயம் பூசியிருந்தால் வெள்ளையில் ரத்தப் பொட்டு மாதிரி எட்டிப் பார்த்திருக்கும்.

"டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார்கள்.

"பண்ணேன் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். ரெஜிஸ்டரைக் காட்டினேன். நஞ்சப்பா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர்கள் கிளம்பிப் போகும்வரை துடைத்தார். அந்த பாலெட்டில் போனவற்றையெல்லாம் தேடிப் பிடித்துக் கழற்றினார்கள். இன்னும் இரண்டில் துளை இருந்தது.

டெஸ்டில் பாஸ் ஆனது எப்படி உடைந்தது என்று யாருக்கும் புரியவில்லை. யார் மேலாவது நடவடிக்கை எடுத்தாக வேண்டும். முனிரத்னத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கேட்டுக்குப் போகும் வழியில் என் பெஞ்சுக்கு வந்து நின்றார். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. "அக்கா, நீங்க டெஸ்ட் பண்ணும்போது ஒண்ணுமே தெரியலையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். போய்விட்டார்.

மறுநாள் நஞ்சப்பா சார் ஒரு பெர்த் சங்கிலியை எடுத்துவந்து, ஒரு முனையை டெஸ்ட் பெஞ்சின் காலிலும் மறுமுனையை என் பஞ்சிலும் வைத்து, தன் எதிரிலேயே வெல்டு போடச் சொன்னார். எல்லா பெஞ்சுக்கும் அப்படியே. பெஞ்சில் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு மட்டும் பஞ்ச் எட்டும். பாலெட் பக்கம் எட்டாது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரிட்டயராகிப் போகிறவரை அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது எழுதுவதற்கே.

இப்போது ஸ்கேனருக்கு வயர்கூட இல்லை. ஷெட்டின் எந்த மூலைக்கும் எட்டும்.

கத்திவிட்டு நின்றேனா, சுகன்யா ஓடிவந்தாள். "என்னக்கா ஆச்சு? எல்லாருமே இப்படித்தான்க்கா பண்ணுறாங்க, டெஸ்ட் பண்ணாம எதையும் விடமாட்டோம்" என்றாள். எல்லோரும் இப்படித்தான் செய்தோம் என்று நானும்தான் இருபது வருடமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். புத்திமதி சொன்னால் தலையாட்டிவிட்டு நாளைக்குப் பழையபடி செய்வார்கள். அதனால் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண், தள்ளுவண்டிக்காரர், வெல்டிங் ரோபோ ஓட்டுகிறவர்கள், எல்லோர் எதிரிலும். பாலெட் போனது, நான் பார்த்தது, திரும்பி வந்தது, பொய் சொன்னது. சுகன்யாவின் முகம் வெளுத்துப்போனது. நான் அவளுக்கு வேலை கற்றுத் தந்த காலத்தில் என்னை என்னவாக நினைத்திருந்தாளோ.

தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள். பச்சையை எல்லாம் அழிக்கச் சொன்னாள். ஸ்கேனர், டெஸ்ட் மெஷினை விட்டு நகர்ந்தால் வேலை செய்யாதபடி மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஆளிடம் பேசினாள். எல்லாம் முடிந்தபின் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அந்த வெல்டருக்கு இது தெரியுமாக்கா?"

அடுத்த நாள் கெலமங்கலம் போனேன். இத்தனை வருடமும் தேன்கனிக்கோட்டை போக வேண்டியிருந்தால்கூட கெலமங்கலத்தைத் தொடாமல் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனவள் நான். முனிரத்னம் தக்காளி மண்டியில் எடை போடுகிற வேலையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். மத்தியானம், மண்டி ஓய்ந்து, அவரும் அவர் மனைவி லட்சுமம்மாவும் தக்காளி வந்த காலி பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முனிரத்னத்துக்குத் தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மும்தாஜக்கா!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். ஒரு கிரேடைக் கவிழ்த்துப் போட்டு, துண்டால் தூசியைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"வெல்டிங் பண்றதில்லையா?" என்றேன், வேறு எதுவும் வராமல்.

"இல்லக்கா. அதோட விட்டுட்டேன்."

லட்சுமம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "விட்டதோட போச்சா? வீட்டுல ஒரு கட்டில் கிடையாதுங்க. இரும்புக் கட்டில் வாங்கலாம்னா, யாரு எப்படி வெல்டு வச்சிருக்காங்களோன்னு வேணாங்கறாரு. ரெண்டு பேருக்கும் இடுப்பு வலி, தரையிலதான் படுக்கிறோம். மகன் சென்னையில இருக்கான். ராத்திரி ரயில்ல ஏறமாட்டாரு, பகல் பஸ்லதான் போவாரு."

நான் சொல்லிவிட்டேன். அந்த பிராக்கெட்டை நான் டெஸ்டே செய்யவில்லை என்று. உங்கள் வெல்டு என்பதால்தான் விட்டேன் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. எவ்வளவு பெரிய மடத்தனம்.

முனிரத்னம் அடுக்கிக்கொண்டிருந்த கிரேடைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"டெஸ்ட்டே பண்ணலையா?"

"இல்லப்பா."

"சாயம்?"

"பூசல."

கிரேடைக் கீழே போட்டார். "கேஸ் தீந்துபோய் வெல்டு கெட்டா கெட்டுட்டுப் போகுது. எவனுக்கும் கெடும். அதைப் பிடிக்கத்தானே நீங்க? நீங்க டெஸ்ட் பண்ணி, சாயம் பூசி, எல்லாம் பாஸாகி, அப்புறமும் உடைஞ்சுதுன்னீங்க. அப்படின்னா என் கையில வர்ற தப்பு எந்த டெஸ்ட்லயும் தெரியாதுன்னுதானே அர்த்தம்? அப்படிப்பட்ட கையை வச்சுக்கிட்டு ஒரு கேட்டு, ஒரு ஜன்னல் பண்ணித் தர முடியுமா என்னால? பயந்துட்டேன்க்கா நான். என் கையைப் பாத்தே பயந்துட்டேன்."

வேலை போனதால் அவர் கஷ்டப்பட்டிருப்பார் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அந்தப் பொய் இந்த வழியாகப் போய் இங்கே உட்கார்ந்திருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போங்கக்கா. இப்ப போயிடுங்க" என்றார். லட்சுமம்மா சிரிப்பை எல்லாம் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை யாரும் என் கூட வரவில்லை, வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துச் சுகன்யா போன் செய்தாள். "அக்கா, முனிரத்னம்னு ஒருத்தர் கேட்ல வந்து நிக்கிறாரு. பையில ஏதோ இரும்பு வச்சிருக்காரு. டெஸ்ட் பண்ணித் தரணுமாம். நீங்களும் கூட இருக்கணுமாம்."

ஆட்டோ பிடித்துப் போனேன். துணிப்பையிலிருந்து நான்கு பிராக்கெட்டை எடுத்து வைத்திருந்தார். ரயிலுக்கு உள்ளது இல்லை, அதைவிடச் சின்னது. அதே கயிறு திரித்த வெல்டு. கெலமங்கலத்தில் ஒரு கேட் பட்டறையில் வெல்டிங் மெஷினை வாடகைக்குக் கேட்டுப் போட்டாராம். புது மெஷின் வேண்டாம் என்று, மூலையில் கிடந்த பழைய பெஞ்சைக் கையால் காட்டினார்.

நான்தான் மாட்டினேன். போல்ட்டை முறுக்கி, பம்பை அடித்து, பாரம் ஏற்றினேன். ஐந்து நிமிடம். அவர் குனிந்து டயலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கினேன். முள் பழைய இடத்துக்கு வந்து நின்றது. சாயம் பூசினேன், காத்திருந்தோம், துடைத்தேன், பவுடர் அடித்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. அவசரப்படவே இல்லை நான். நாலாவதில் பவுடர் அடித்துவிட்டுக் காத்திருந்தபோது அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அதிலும் ஒரு பொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பெஞ்சின் காலில் அந்தச் சங்கிலி இன்னும் இருந்தது. அதன் முனையில் என் பஞ்ச், துருப்பிடித்துப்போய். பழக்கதோஷத்தில் கை அதை எடுத்துவிட்டது. சுத்தியலையும் எடுத்தேன். பிராக்கெட்டின் மேல் பஞ்சை வைத்தேன்.

முனிரத்னம் குறுக்கே கையை நீட்டி பிராக்கெட்டை இழுத்துக்கொண்டார்.

"நம்பர் வேணாம்க்கா" என்றார். "இது என் வீட்டுக் கட்டிலுக்கு. டெஸ்ட் போதும்."

நான்கையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார். நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.